கிராணி ஐயருக்கு வைத்த இலை

1967 ஜூலை 14, வெள்ளி

இது ஞானம்மா கொடுத்த டைரி. அவள் அப்பா வேலை செய்யும் நட்டு போல்ட்டு கம்பெனியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்ததாம். வீட்டில் எழுதுகிறவர் யாரும் இல்லாமல் பரணில் கிடந்து, இன்று எனக்கு வந்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெறும் தாள். அதைக் கிழித்துப் பால்காரன் கணக்கு எழுதலாமே என்றாள் அத்தை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள். ஆகையால் எல்லாரையும் எழுதி வைக்கிறேன். நான் வைஜயந்தி, பத்தாம் வகுப்பு. அப்பா அனந்தபத்மநாபன், திருவள்ளூர்க் குளக்கரையில் தர்ப்பணம் பண்ணி வைக்கிறவர். அம்மா என் மூன்றாவது வயதில் போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை, செங்கமலவல்லி அத்தை. அத்தையின் அகத்துக்காரர் கிருஷ்ணஸ்வாமி அத்திம்பேர் மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குக் கிளார்க் வேலைக்குப் போனார். நான் பிறப்பதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னால். யுத்தத்தின்போது தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அத்திம்பேரும் அதில் போனார் என்று ஒருவர் எழுதினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது.

அத்தை தினமும் குளித்துவிட்டுக் குங்குமம் இட்டுக்கொள்கிறாள். சாயந்திரம் நான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறேன். பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். நாற்பத்தைந்து வயதுக்கு நரை கொஞ்சம்தான்.

ஜூலை 23, ஞாயிறு

மெட்ராஸிலிருந்து ஸம்பத்குமார் மாமா வந்தார். அத்திம்பேரின் தம்பி. காபி ஆறிப்போகிறவரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா சொப்பனத்துல வரான். ஏதோ ஒரு ஆறு. இடுப்பளவு ஜலத்துல நின்னுண்டு, தண்ணி குடு ஸம்பத்துங்கறான். ஜலத்துல நின்னுண்டே தண்ணி கேக்கறான். எனக்குத் தாங்கலே."

அவர் பெண்ணுக்கு வந்த நாலு வரனும் தட்டிப்போய்விட்டது. ஜோசியர், உங்கள் குடும்பத்தில் ஜலம் கிடைக்காத ஆத்மா ஒன்று அலைகிறது என்றாராம். ஆகையால் வருகிற மகாளய அமாவாசைக்குள் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணி, பத்து நாள் காரியத்தையும் முடித்துவிட வேண்டும் என்கிறார். சாஸ்திரத்தில் பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாவிட்டால் பண்ணலாம். இருபத்தைந்து ஆகிவிட்டது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "செத்துட்டான்னு கண்ணால பார்த்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அன்னிக்கே பண்ணிடறேன்."

"அதே பேச்சுதான் பத்து வருஷமா. எங்கேர்ந்து வருவான் சாட்சி?"

"வரலேன்னா பண்ணலே."

உள்ளே அத்தை மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். குழவிச் சத்தம் நிற்கவில்லை. வேகமானது.

மூன்றாம் வீட்டில் ஒரு மாமி இருக்கிறாள். நார்மடிப் புடவை, முக்காடு. மாதம் ஒருநாள் கொல்லைப்புறத்தில் நாவிதர் வந்துபோவார். மெட்ராஸில் இப்போதெல்லாம் அப்படி இல்லையாம். எங்கள் தெருவில் உண்டு.

ஆகஸ்ட் 2, புதன்

நான் ஒரு பாவம் செய்துவிட்டேன். பாவம்தானா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு ஞானம்மாவோடு அவள் வீட்டுக்குப் போனேன், லைப்ரரிப் புத்தகத்தைத் திரும்ப வாங்க. காக்களூர் ரோட்டில் கம்பெனி ஷெட்டுகள் ஆரம்பிக்கிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்தில் இப்படி ஒரு மழை. ஞானம்மா என் கையை இழுத்துக்கொண்டு சயாம் கடைக்குள் ஓடினாள்.

பலகையில் 'சயாம் நாஷ்டா கடை' என்றுதான் எழுதியிருக்கிறது. தகரக் கூரை, நாலு பெஞ்சு, எனாமல் தட்டுகள். சுப்பராயன் என்று காக்களூர்க்காரர் ஒருவர் சின்ன வயதில் கடல் கடந்து போய், கிழவராகச் சயாம்காரப் பெண்சாதியோடு திரும்பிவந்து நடத்துகிறார். அவள் பேர் மாலி. கறுப்புக் கைலி, வெள்ளை ரவிக்கை, நெற்றியில் ஒன்றும் இல்லை. அரிசி மாவை நம் சேவை நாழி மாதிரி ஒன்றில் பிழிந்து கொதிக்கிற தண்ணீரில் விடுகிறாள். அதன்மேல் புளி, வெல்லம், மிளகாய்ப்பொடி, இடித்த வேர்க்கடலை, ஏதோ மீன் தண்ணீர். ஷிப்ட் முடிந்தவர்கள் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து கரண்டியால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். மூக்கில் மீனும், சித்தரத்தையும், தேங்காய்ப்பாலும். சித்தரத்தையை ஜுரத்துக்குக் கஷாயத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதைக் குழம்பில் போடுகிறார்கள்!

கடை வாசலில் ஒரு கம்பத்தின்மேல் சின்ன மரவீடு. புறாக்கூடா என்று கேட்டேன்.

"அதுல பேய் குடியிருக்குது. தெனம் சோறு வெக்கிறாங்க. உங்க ஊட்ல காக்காவுக்கு வெக்கிறதில்ல? அப்படித்தான்" என்றாள் ஞானம்மா. அவளுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

கடைசி பெஞ்சில் ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் தட்டு, அங்கே மட்டும் வாழையிலை. அதில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த வாழைப்பழமும் உப்புப் போட்ட வெள்ளைச் சாதமும். ஆவி வந்துகொண்டிருந்தது.

மாலி என்னைப் பார்த்தாள். என் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணக் கோட்டையே பார்த்தாள். கிட்டே வந்து இலையை என் பக்கம் நகர்த்தினாள். "மீன் இல்லே. தின்னு பாப்பா. நீ தின்னு."

வெளியில் சாப்பிடக் கூடாது. எனக்குத் தெரியாதா? காலையில் ஏகாதசிப் பாரணை, அதற்கப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை. குளிர் நடுக்கியது. சாப்பிட்டேன். பாதி இலை. இனிப்பும் உப்பும் ஒன்றாக, இளஞ்சூட்டில், தொண்டையில் இறங்கியது இப்போதும் தெரிகிறது.

அப்போது சுப்பராயன் மார்க்கெட்டிலிருந்து கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்து எலுமிச்சம்பழங்கள் பெஞ்சுக்கடியில் உருண்டன.

"யாருடி இந்தப் பொண்ண இங்க குந்த வெச்சது?" என்று மாலியைக் கேட்டார். அவள் தங்கள் பாஷையில் நிதானமாக ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறிப்போயிற்று.

"யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?"

சொன்னேன். தெருவையும் அப்பா பேரையும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு இருந்தும்.

"அது யாருக்கு வெச்ச இலை?" என்று கேட்டேன். மாலி குனிந்து எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கினாள். மழையும் விட்டிருந்தது. ஓடி வந்துவிட்டேன்.

அத்தையிடம் ஞானம்மா வீட்டில் நின்றேன் என்று சொன்னேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

மூன்று தரம் பல் துலக்கினேன். தேங்காய்ப்பால் வாசனை போகவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

ஆடி அமாவாசை. குளக்கரையில் நிற்க இடமில்லை. அப்பாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. எல்லாரையும்போல நானும் ஒரு வெல்லக்கட்டியைக் குளத்தில் போட்டேன். வெல்லம் கரைகிற மாதிரி கஷ்டம் கரையும் என்பார்கள். போடும்போது எதைச் சொல்வது என்று தெரியவில்லை. கரைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞானம்மா நேற்று சொன்னாள். அந்த மூலையில் யாரையுமே உட்காரவிட மாட்டார்களாம். மீன் சேராத சாப்பாடு அந்தக் கடையில் வருஷத்துக்கு ஒரே நாள்தான் செய்வார்களாம். "அது செத்தவங்களுக்குடி! நீ பாட்டுக்குத் தின்னுட்டு வந்துட்ட!"

அப்படியானால் அன்றைக்குப் பசியோடு போனவர் யார்?

ஆகஸ்ட் 12, சனி

போனேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மத்தியானக் கூட்டம் போன பிறகு சுப்பராயன் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வருவேன்னு தெரியும் பாப்பா. குந்து" என்றார். அந்த மூலையைக் காட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

அவர் இருந்த தோட்டத்துக்குக் கிராணி—கிளார்க்கை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம்—எங்கள் அத்திம்பேர். காலையில் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். "எங்க ஆளுங்க அத்தினி பேரையும் அப்பன் பேரோட கூப்புடுவாரு. ஐயரூட்டுப் புள்ள, எங்கள வா போன்னாலும் மரியாதை இருக்கும். என் ஊரு காக்களூருன்னதும், ‘அடப்பாவி, எங்க குளத்துக்குப் பக்கமா’ன்னு சிரிச்சாரு." நாங்கள் ஐயர் இல்லை, ஐயங்கார். திருத்தவில்லை.

சயாமில் காட்டுக்குள் ஆற்றோரம் மூங்கில் கொட்டகை. மழை. முதலில் ஜுரம், பிறகு வாந்திபேதி. காலைப் பெரட்டில் கூப்பிட்டால் பாதிப் பேர் குரல் கொடுக்க மாட்டார்களாம்.

"அம்மாசி வந்தா கிராணி ஆத்துல எறங்குவாரு. பூணூல மாத்திப் போட்டுக்கினு, செத்தவன் பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லித் தண்ணி உடுவாரு. அப்பாவு, தணிகாசலம், ராஜமாணிக்கம்... எல்லாம் எங்க சேரி ஆளுங்க பாப்பா. எள்ளு ஏது அங்க? வெறுந்தண்ணிதான். எங்க பேரச் சொல்லி எவன் தண்ணி உட்டான் அதுவரிக்கும்?"

இடுப்பளவு தண்ணீரிலா என்று கேட்டேன். "ஆமா. உனுக்கு எப்டித் தெரியும்?" என்றார். ஸம்பத் மாமாவின் சொப்பனத்தை நான் சொல்லவில்லை.

"ஆடி அம்மாசிக்கு மூணு நாளு இருக்கசொல்லோ அவுருக்கே பேதி கண்டுக்கிச்சு. காத்தால பெரட்டு கூப்ட்டாரு, சாய்ந்தரம் இல்ல. நான்தான் மடியில வெச்சிக்கினு இருந்தேன். தேங்காப்பால்ல பழம் போட்டு ஆத்தோரத்துல ஒரு பொண்ணு வித்துக்கினு இருக்கும். அத கேட்டாரு. ரெண்டு வாயி உட்டேன். உள்ள போவல." அந்தப் பெண் மாலிதான். பிற்பாடு அவர் அவளைக் கட்டிக்கொண்டார்.

"அவுருக்குத் தண்ணி உட ஆளு இல்ல. எனுக்கு மந்திரம் தெரியாது. சோறு போடத்தான் தெரியும். வருசா வருசம் ஆடி அம்மாசிக்கு மூணு நாளு முந்தி இலை வெக்கிறேன். இருவத்தி நாலு வருசம் எவனும் வந்து குந்தினதில்ல. நீ வந்து குந்துற. அன்னிக்கு மாலி இன்னா சொன்னா தெரியுமா? அவுருதான் கூட்டியாந்து உட்டிருக்காருன்னா."

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆயிற்றே? கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். மாலி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"வந்தேம்மா. வந்த நாலாம் நாளே உங்க தெருவுக்கு வந்தேன். அந்தம்மா வாசல்ல கோலம் போட்டுக்கினு இருந்தாங்க. நெத்தியில அம்மாம் பெரிய பொட்டு. தலை நெறய பூவு. வாயத் தொறந்தேன், வரல." பெஞ்சை மறுபடி துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாவசொல்லோ அவுரு ஒண்ணுதான் சொன்னாரு. ஊருக்குப் போனா எங்க ஊட்ல சொல்லாதே சுப்பராயா. சொன்னா அவ முடிய எடுத்துடுவாங்கன்னாரு."

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தலை வாரிவிடும்போது சீப்பைக் கீழே போட்டேன். இரண்டு தரம். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் அத்தை.

ஒன்றும் இல்லை என்றேன். இது இரண்டாவது பொய்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சாட்சி வேண்டும் என்றார் அப்பா. சாட்சி கிடைத்துவிட்டார். அந்தச் சாட்சி யாரென்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வாயைத் திறந்தால் அத்திம்பேருக்கு ஜலம் கிடைக்கும். அத்தைக்குப் பூ போய்விடும், பின்னல் போய்விடும், கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்க முடியாது. திறக்காவிட்டால் அவர் அந்த ஆற்றிலேயே நிற்பார். ஊரார் பேர் அத்தனையும் சொல்லித் தண்ணீர் விட்டவர்! அவருக்குக் கிடைத்தது வருஷத்துக்கு ஓர் இலை. அதையும் நான் தின்றேன்.

பொய் சொல்லக் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. யாரும் கேட்காதபோது சும்மா இருப்பது பொய்யா என்று எதிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

சாதத்தைப் பிசைந்தால் எதிரில் யாரோ உட்கார்ந்து என் கையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. பட்டப்பகலில். நிமிர்ந்தால் தூண்தான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அத்தையின் பெட்டியில் அத்திம்பேர் போட்டோ இருக்கிறது. கோட்டு, தலைப்பாகை, கப்பலேறும் முன்னால் எடுத்தது. இருபத்திரண்டு வயது. என்னைவிட ஏழு வயதுதான் கூட. உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

ஸம்பத் மாமா கடிதம். வரன் இன்னொன்றும் போயிற்று. சயாமிலிருந்து வந்த ஒருவன் காக்களூர் ரோட்டில் கடை வைத்திருக்கிறானாம், ரயிலில் யாரோ சொன்னார்களாம். மகாளயத்துக்கு முந்தின நாள் வந்து அவனை விசாரிக்கப்போகிறாராம். அப்பா உரக்கப் படித்தார். அத்தை கேட்டுக்கொண்டு கறிகாய் நறுக்கினாள்.

செப்டம்பர் 23, சனி

கடைக்கு ஓடினேன். "மாமா வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

சுப்பராயன் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெர்ல பாப்பா. பெரட்டுல பேர் கூப்ட்டவரு அவுரு. அவுரு பேரக் கேட்டா நான் எப்டிப் பொய் சொல்றது? ஒரே பேஜாரா கீது. தூக்கமே இல்ல."

மாலி ஒரு கிண்ணத்தில் எனக்குத் தேங்காய்ப்பால் பழம் கொண்டுவந்தாள். இந்தத் தரம் எனக்காகவே செய்தது. சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

பள்ளி விடுமுறை. நடந்தது முழுவதும் என் கண்முன்னால்.

ஸம்பத் மாமாவே போய்ச் சுப்பராயனைக் கூட்டிவந்தார். தெருவில் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில். எனக்குப் பின்னால் அத்தை வந்து நின்றதை அவள் பூவின் வாசனையில்தான் தெரிந்துகொண்டேன்.

"கிருஷ்ணஸ்வாமின்னு ஒரு கிளார்க். சயாம் ரயில் வேலைக்கு வந்தவன். தெரியுமா உனக்கு?" மாமாதான் கேட்டார்.

"தெரியுங்க சாமி. கிராணி ஐயரு."

அப்பா தலையைத் தூக்கினார்.

"என்ன ஆனான்? உள்ளதைச் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சுப்பராயன் நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம், என் தலைக்கு மேலே. நான் மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன்? சொல்லிவிடுங்கள் என்றா, சொல்லாதீர்கள் என்றா? இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

"பொழச்சிக்கினாருங்க" என்றார். "சண்ட முடிஞ்சசொல்லோ பாத்தேன். ஆத்துல படகு ஏறிக்கினு இருந்தாரு. வடக்கால போறேன்னாரு. அப்பால தெர்லீங்க."

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இருக்கானா? இருக்கானாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது அத்தை பேசினாள். அன்னிய ஆண் பிள்ளையிடம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"படகு ஏறறச்சே சாப்பிட்டாரா?"

சுப்பராயன் குனிந்துகொண்டார். "சாப்ட்டாரும்மா. தேங்காப்பால்ல பழம். கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."

"வைஜி, அவருக்கு மோர் கொண்டுவந்து குடு."

அவருக்கு என்றாள். சொம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மோரோடு கண்ணீரும் கழுத்தில் வழிந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"சாட்சி சொல்லியாச்சு. இனிமே இந்தப் பேச்சு வேண்டாம் ஸம்பத்" என்றார் அப்பா. செருப்பைப் போட்டுக்கொண்டு சுப்பராயனோடு தெருக்கோடிவரை போனார். அங்கே நின்று ஏதோ கேட்டார். சுப்பராயன் மூன்று விரலைக் காட்டினார். என்ன கேட்டார், தெரியாது.

ஸம்பத் மாமா இனிமேல் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அக்டோபர் 3, செவ்வாய்

மகாளய அமாவாசை. அப்பா விடியற்காலையிலேயே குளக்கரைக்குப் போய்விட்டார்.

அத்தை முற்றத்தில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சிக்கெடுத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வாசல்ல வந்து நின்னவன் இவன்தான். கோலம் போட்டுண்டிருந்தேன். என் நெத்தியப் பார்த்தான், திரும்பிப் போயிட்டான். நல்ல சேதி கொண்டுவரவன் நெத்தியப் பார்ப்பானாடி?"

சீப்பு நின்றுபோயிற்று.

"அன்னிக்கே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும்னு வெச்சுக்கோயேன். நான் காத்துண்டிருக்கேன்னு எல்லாரும் நினைச்சுண்டிருக்கா. நினைக்கட்டும். அண்ணாகிட்ட மூச்சு விடாதே. அவர் மனசு ஒடைஞ்சுடும். நீ அந்தக் கடைக்குப் போறியே, ஒண்ணே ஒண்ணு கேட்டுண்டு வா. என்ன திதின்னு மட்டும்."

கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும் என்றேன். ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் என்றால் ஆடி, தேய்பிறைத் துவாதசி. அப்புறம் அடக்க முடியவில்லை. மழை, இலை, பழம், நான் தின்றது, பொய் சொன்னது, அத்திம்பேர் சுப்பராயன் மடியில் கிடந்து அவள் முடியைப் பற்றிச் சொன்னது, எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

அத்தை கூந்தலை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவினாள்.

"நீ சாப்பிட்டியா? நிஜமாவா? எப்படி இருந்தது?"

"தித்திப்பா. கொஞ்சம் உப்பும்."

"வயிறு நிறைஞ்சுதா?"

நிறைந்தது என்றேன். அத்தை தலையை ஆட்டினாள்.

சாயந்திரம் ஞானம்மா சொன்னாள். சயாமிலும் இன்றைக்குத்தான் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற அமாவாசையாம். அந்த மரவீட்டைச் சுற்றி முப்பது இலை வைத்துச் சுப்பராயன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாராம். கம்பெனி ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். யாரும் சிரிக்கவில்லையாம். அவளும் சிரிக்காமல்தான் சொன்னாள்.

1968 ஜூலை 22, திங்கள்

டைரி போன வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. காலியாகக் கிடந்த முன்பக்கங்களில் எழுதுகிறேன். இது பிப்ரவரிப் பக்கம், தேதியை அடித்துவிட்டேன்.

தை மாதம் ஸம்பத் மாமா பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தைதான் முன்னால் நின்று மஞ்சள் இடித்தாள். சொப்பனம் நின்றுவிட்டது என்றார் மாமா. ஆனாலும் தபால் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.

இன்று ஆடித் துவாதசி. பள்ளிக்கூடம் போகும் முன்பே பாரணை. அத்தை விடியுமுன் எழுந்து தேங்காய் துருவினாள். நாட்டு மருந்துக் கடையில் நான் வாங்கிவந்த சித்தரத்தையை வேண்டாம் என்று எடுத்துவைத்தாள். பழத்தில் அதைப் போடுவதில்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாலியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் வைத்துக்கொண்டு தானாகவே செய்தாள். தெற்கே பார்த்து ஓர் இலை. காக்கை வந்து எடுத்த பிறகு எனக்கும் போட்டு, தானும் உட்கார்ந்தாள். கொஞ்சம் உப்புத் தூக்கல். அதே ருசி. எதிரில் யாரும் இருப்பதுபோல் தோன்றவில்லை. தலையில் மல்லிகை வைத்திருந்தாள். மாலி என்றால் அவர்கள் பாஷையில் மல்லிகை என்று நான் சொன்னபோது, அதற்காகவே கட்டச் சொன்னாள்.

அப்பா குளத்திலிருந்து ஈர வேஷ்டியோடு வந்தார். தினமும் வருகிறதுதான். அத்தை அவசரமாகத் தெற்கு இலையை எடுத்து மடித்துவிட்டு, அவருக்கு இலை போட்டாள்.

"என்ன இது, புதுசா இருக்கு?"

"வைஜி பண்ணச் சொல்லி ஒரே பிடிவாதம்."

நான் தலையை ஆட்டினேன். மூன்றாவது பொய்.

அப்பா கையை நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கறுப்பாக நாலைந்து எள் ஒட்டியிருந்தது. இன்று அமாவாசை இல்லை. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பிறருக்குச் சொல்லி வைக்கும்போது எள் அவர்கள் விரலில்தான், அப்பா விரலில் ஒட்டாது. எங்கள் வீட்டுத் திதி எதுவும் ஆடியில் வராது.

நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். அப்பா நாங்கள் பார்ப்பதைப் பார்த்தார்.

அத்தை சொம்பை எடுத்து நீட்டினாள். "கையலம்பிண்டு உட்காருங்கோ அண்ணா."

அவர் முற்றத்துக்குப் போய் மெதுவாகக் கையலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். இலை காலியானதும், இன்னும் கொஞ்சம் போடு என்றார்.